ஆஹிரி என்று பேர் வைத்த பாவம்

இது நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. திருவனந்தபுரத்தில் ஆரியசாலையை ஒட்டிய ஒரு சந்தில், கீழே பாத்திரக் கடையும் மேலே வீடுமாக இருக்கிற எங்கள் மாடியில் நடந்தது. மறக்க முடியாத அனுபவம் என்றால் பலபேர் கண் கலங்கச் சொல்வார்கள். எனக்கு இதைச் சொல்லும்போது கண் கலங்காது, கோபம்தான் வரும். ஆறட்டும், ஆறின பிறகு எழுதலாம் என்று இத்தனை நாள் காத்திருந்து பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் அந்தக் கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். கல்யாணமாகி இங்கே வந்தேன். என் கணவர் வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாலை பஜாரில் பாத்திர வியாபாரத்தில் ஊன்றியவர்கள். மாமனார் இல்லை. மாமியாரும் நாங்கள் இரண்டு பேரும்தான் வீட்டில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். எனக்கு அம்மா இல்லை. அதனால் இங்கேயே இருந்துவிட்டேன்.

ஏழாம் மாதத்தில் டாக்டர் சாயங்காலம் நடக்கச் சொன்னார். எங்கள் சந்தில் நடப்பதாவது! லாரியும் கைவண்டியும் மூட்டையும் போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் மனிதர்கள் நடக்க வேண்டும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அங்கே நடந்தால் யாராவது இடித்துவிடுவார்கள் என்று, கிழக்கேகோட்டைப் பக்கம் போய்க் கோயில் குளத்தைச் சுற்றியிருக்கிற தெருக்களில் நடப்பேன். அங்கே ஒரு பழைய வீட்டின் மாடியில் பாட்டு கிளாஸ் நடக்கும். ஒரு பெண் தினமும் ஒரே பாட்டைப் பாடுவாள், தினமும் ஒரே இடத்தில் தப்பு விடுவாள். டீச்சர் சலிக்காமல் அதே இடத்தைத் திரும்பப் பாடிக் காட்டுவார். எதிரே மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, கப்பலண்டி என்று இங்கே சொல்கிற வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் பாட்டு என்றால் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிதான்.

ஒருநாள் காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. மாமியாரிடம் சொன்னால் பதறுவார் என்று சொல்லவில்லை. பயத்தை மென்றுகொண்டு அந்தப் படியில் வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்தப் பெண் வரவில்லை போலிருக்கிறது. டீச்சர் தனியாக, வார்த்தை எதுவும் இல்லாமல், நிதானமாக எதையோ பாடிக்கொண்டிருந்தார். அழுது முடித்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தி முதுகைத் தடவிக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. அப்போது உள்ளே ஒரு உதை விழுந்தது. நல்ல பலமான உதை. பாட்டுக்கு உதைத்ததோ, நான் தின்ற கப்பலண்டிக்கு உதைத்ததோ, அது அவளுக்குத்தான் தெரியும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டீச்சர் கீழே இறங்கி வரும்வரை காத்திருந்து கேட்டேன்.

“டீச்சர், இப்ப நீங்க பாடினது என்ன பாட்டு?”

“பாட்டு ஒண்ணும் இல்ல, சும்மா ராகம் பாடியதாணு. ஆஹிரி.”

“அப்படின்னா என்ன அர்த்தம்?”

“அர்த்தம் கேட்டா எனக்கு அறியில்ல கேட்டோ,” என்று சிரித்தார். “பாடும்போ நெஞ்சு இளகும். அது போதாதா?”

எனக்குப் போதும். வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். பெண் பிறந்தால் ஆஹிரி. ஆண் பிறந்தால் மாமனார் பேர் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். என் கணவருக்கு ஒரு கட்சி உண்டு: ஒரு பேர் நல்ல பேரா என்று தெரிய, தெருவில் நின்று சத்தம்போட்டுக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுச் சந்தில் நின்று, “ஏ ஆஹிரீ!” என்று கூப்பிட்டுப் பார்த்தார். மாடியிலிருந்து நான், “என்னப்பா?” என்றேன். அந்தப் பேர் எங்களுக்குப் பிடித்த கதை இவ்வளவுதான்.

கேட்டவர்கள் எல்லாரும் அர்த்தம் கேட்டார்கள். அதென்னவோ, பெண் குழந்தையின் பேர் என்றால் மட்டும் ஆளாளுக்கு அர்த்தம் வேண்டியிருக்கிறது. தன் பேருக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் யோசித்துப் பார்க்காதவர்கள்கூட, போனை எடுத்துத் தேடி, “அர்த்தம் ஒண்ணும் சரியாக் காணோமே” என்று உதட்டைப் பிதுக்கினார்கள். கேட்டால் மனசு இளகுகிறது, அந்தச் சுகம் என் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் என் வாயில் இருக்கட்டும் என்று ஒரு தாய் ஆசைப்பட்டால் அது அர்த்தம் இல்லையா? அவர்களிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். அவர்களால் கெடுதல் ஒன்றும் இல்லை. கெடுதல் செய்தவர் வேறு ஒருவர்.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு என் கணவரின் சித்தப்பா வந்தார். எனக்குச் சின்ன மாமனார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமனார் போன பிறகு குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளை அவர்தான் என்பதால் எதற்கும் அவர் வாயைப் பார்த்துத்தான் வீடு நடக்கும். ஊரில் எந்தக் கச்சேரி என்றாலும் முன்வரிசையில் இருப்பார். பாடத் தெரியாது. ஆனால் யார் எந்த ராகத்தை எப்போது கெடுத்தார்கள் என்பது அத்தனையும் மனப்பாடம்.

“என்னல பேரு யோசிச்சிருக்க?” என்று கேட்டுக்கொண்டே தொட்டிலுக்குள் கையை நீட்டினார்.

“ஆஹிரி, சித்தப்பா,” என்றார் என் கணவர் பெருமையாக. ராகத்தின் பேர் ஆயிற்றே, சித்தப்பா குளிர்ந்துபோவார் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

நீட்டிய கையை அவர் அப்படியே இழுத்துக்கொண்டார்.

“ஆஹிரியா? ஏல, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கல்யாணி இருக்கு, ரஞ்சனி இருக்கு, ஒனக்கு வேற ராகமே கிடைக்கலியா? காலம்பற ஆஹிரி பாடினா அன்னைக்கு அன்னம் கிடைக்காதுன்னு கேட்டதே இல்லியா நீ? விடிஞ்சதும் விடியாததுமா அந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிடப் போற? வீடு வெளங்குமா?”

அப்படி ஒரு நம்பிக்கை பாட்டுக்காரர்களிடையே இருக்கிறதாம். பின்னால் ஒருநாள் அந்தப் பாட்டு டீச்சரிடம் இதைக் கேட்டேன். “காலத்தே கிளாஸ்ல நான் அதான் பாடுறது. உச்சைக்கு நல்ல ஊணும் கழிக்கிறேன்” என்று மத்தியானச் சாப்பாட்டைச் சொல்லி வயிற்றைத் தட்டிக் காட்டினார். பாடுகிறவருக்கு இல்லாத பயம் கேட்கிறவருக்கு! ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எனக்கு இது எதுவும் தெரியாது. தையல் போட்ட வலியோடு படுத்திருந்தேன். மாமியாரின் முகம் மாறியதை மட்டும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தோம். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. குழந்தை பால் குடிக்கவில்லை. வாயை வைப்பாள், இரண்டு தடவை சப்புவாள், நழுவிவிடுவாள். அழுவாள். மறுபடி வாயை வைப்பாள், மறுபடி நழுவும். கொஞ்ச நேரத்தில் களைத்துத் தூங்கிவிடுவாள். எனக்கு மார்புக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பால் இல்லாமல் இல்லை, சேலையெல்லாம் நனைகிற அளவுக்கு இருந்தது. மாமியார் பூண்டும் முருங்கைக் கீரையும் வதக்கி வதக்கிப் போட்டார். பால்பவுடர் வாங்கிக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாங்கினோம். புட்டியின் ரப்பரையும் அவளால் பிடிக்க முடியவில்லை, பாதி வாயோரமாக வழிந்தது. முதல் சில நாள் எடை குறையும், பயப்பட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்ததால் நானும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன்.

மாமியார் கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி பகல் பார்க்காமல் எனக்குக் கூடமாட இருந்தார். ஆனால் சின்ன மாமனார் போட்ட சொல் அவர் மனசில் விழுந்துவிட்டது. குழந்தை ஒவ்வொரு தடவை வாயை விலக்கும்போதும் அவர் என்னைப் பார்ப்பார். ஒருநாள் சொல்லியும்விட்டார்.

“அன்னம் கிடைக்காதுன்னார்லா அவரு. இந்தா, எறங்கலியே.”

“அத்தை, அது பாட்டுக்காரங்க என்னமோ சொல்லுதாங்க. இதுக்கும் அதுக்கும் என்ன இருக்கு?”

“எனக்கென்னம்மா தெரியும்? ஒண்ணுமில்லாமலா சொல்லி வச்சிருப்பாங்க?”

அடுத்த தடவை சின்ன மாமனார் வந்தபோது பஞ்சாயத்தே நடந்தது. எனக்கும் குழந்தைக்கும்தான் கஷ்டம், ஆனால் என்னை அறைக்குள் இருக்க வைத்துவிட்டு முன்னறையில் பேசினார்கள். இங்கே பிறந்த இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டிக் காதில் பேர் சொல்லுவார்கள். மலையாளத்துக்காரர்கள் வழக்கம்தான், இங்கே வந்து ஊன்றின எங்கள் வீட்டாருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. பேர் சொல்ல வேண்டியவர் குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளை, அதாவது சின்ன மாமனார். அவர் தீர்ப்புச் சொன்னார். பேர் அன்னபூரணி. அதுவரை யாரும் மற்றப் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பாப்பா என்றால் போதும். பரிகாரமாகக் கோயிலில் அன்னதானம் செய்ய வேண்டும். என் கணவர் தலையாட்டினார். அன்னபூரணி நல்ல பேர்தான், அந்தப் பேர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கேட்காமல் கொள்ளாமல் என் பிள்ளையின் பேரை உருவிக்கொண்டார்களே, அதுதான் பொறுக்கவில்லை. நான் வாசலில் வந்து நின்றேன்.

“மாமா, பேரு இருக்கட்டும். பிள்ளை மெலிஞ்சுக்கிட்டே போறா. டாக்டர்ட்ட காட்டணும்.”

“இருபத்தெட்டு கழியாம பச்சப்பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாதும்மா. நீயும் படி இறங்கக் கூடாது. டாக்டரென்ன பேரை மாத்தித் தருவாரா?”

அவர் சிரித்தார். என் கணவரும் மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ராத்திரி என் கணவரிடம் சண்டை போட்டேன். “ஒரு பேரை மாத்தினா நிம்மதின்னா மாத்திட்டுப் போவோமே, இதுல என்ன இருக்கு?” என்றார். என்ன இருக்கா? இருபத்தெட்டு ஆகட்டும், அன்னதானம் ஆகட்டும், பேர் மாறட்டும் என்று எல்லாரும் காத்துக்கொண்டிருந்தால் அதுவரை அந்த வயிற்றுக்கு யார் பதில் சொல்வது? பேர்மேல் பழியைப் போட்டாகிவிட்டது. இனி யாரும் வேறு காரணத்தைத் தேட மாட்டார்கள். எனக்குப் பயம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இதைச் சொல்லும்போதுதான் எனக்கு ரத்தம் அதிகமாகக் கொதிக்கிறது. என்னையும் அவர்கள் நம்ப வைத்துவிட்டார்கள். விடியற்காலையில் அவள் அழுதபோது, “ஆஹிரி, இந்தா வந்துட்டேண்டா” என்று சொல்ல வாயைத் திறந்தவள், பயந்து வாயை மூடிக்கொண்டேன். என் பிள்ளையை அவள் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கே பயம். படித்தவள், பில்லிங் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினவள் நான். பசியில் அழுகிற பிள்ளையையும் தூக்கம் கெட்ட தாயையும் வைத்துக்கொண்டு எதையும் நம்ப வைக்கலாம் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அதற்கடுத்து வந்த ஒரு காலையில் துணியை மாற்றப் போனேன். காய்ந்து கிடந்தது. ராத்திரி கட்டின துணி, அப்படியே கட்டின மாதிரி இருந்தது. குழந்தையின் உதடு வறண்டிருந்தது. வாயைத் திறந்து அழுகிறாள், சத்தம் வரவில்லை. கையில் தூக்கினால் தலையணை உறையைத் தூக்கின மாதிரி இருந்தது.

“அத்தை!” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. மாமியாரும் என் கணவரும் சின்ன மாமனாரோடு கோயிலுக்குப் போயிருந்தார்கள், அன்னதானத்துக்கு ஏற்பாடு செய்ய. என் பிள்ளை இங்கே பட்டினியில் கிடக்கிறது, இவர்கள் ஊருக்குச் சோறு போட நாள் பார்க்கப் போயிருக்கிறார்கள்! என் கணவருக்குப் போன் அடித்தேன். கோயிலுக்குள் இருந்திருப்பார், எடுக்கவில்லை. இரண்டாம் தடவை அடிக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு துண்டில் அவளைச் சுற்றிக்கொண்டு, மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, படி இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் தையல் இழுத்தது. கடை இன்னும் திறக்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் சந்தை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு லாரி. சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரிக்கும் சுவருக்கும் நடுவே மூட்டைகள்.

நீலச் சட்டை போட்ட சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் தலையில் மூட்டையோடு எதிரே வந்தார். எங்கள் சந்தில் இவர்களோடு கடைக்காரர்களுக்குத் தினம் ஒரு தகராறு. எங்கள் வீட்டில் இவர்களைப் பற்றி நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. மூட்டையை அங்கேயே இறக்கிவிட்டு லாரிப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“வண்டி பின்னோட்டு எடுக்கடா! கைக்குஞ்ஞாணு!”

கைக்குழந்தை என்று சொல்லியும் டிரைவர் என்னமோ எதிர்த்துச் சொன்னார். இவர் லாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை அறைந்தார். வண்டி பின்னால் போனது. அவர் மூட்டைகளைக் காலால் தள்ளி வழி செய்துகொண்டே எனக்கு முன்னால் நடந்தார், மெயின் ரோடு வரை. ஓடிக்கொண்டிருந்த ஒரு ஆட்டோவை நடுரோட்டில் நின்று மறித்து என்னை ஏற்றிவிட்டார். “பேடிக்கண்டா சேச்சி” என்றார். பயப்படாதே அக்கா என்று அர்த்தம். அவருக்கு என்னைவிட வயது அதிகம் இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல்லை அவர் சொன்னார்.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இருந்த டாக்டர் ஒரு இளம் பெண். குழந்தையைப் பார்த்ததும் வரிசையைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். எடை போட்டார், பிறந்த எடைக்கு எவ்வளவோ கீழே. நான் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக உளறிக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன்.

“டாக்டர், பேர்னால இப்படி வருமா? ஆஹிரின்னு பேரு வச்சிருக்கோம்…”

“பேரு பின்னே பறயாம். முதல்ல வாயைப் பாக்கட்டே,” என்று பேர்ப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பேரைக் கேட்டு அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேரில் அவருக்குத் துளிக்கூட அக்கறை இல்லை. இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுதான்.

குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு நாக்கைத் தூக்கினார். நர்ஸிடம் வெளிச்சம் காட்டச் சொல்லி என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“இது கண்டோ? நாக்கு மேல எழும்ப இது விடலை. பின்னே குஞ்ஞு எப்படிக் குடிக்கும்?”

பார்த்தேன். நாக்கின் அடியில் மெல்லிசாக ஒரு சவ்வு, நாக்கு நுனிவரை வந்து கீழே கட்டிப்போட்டிருந்தது. அவ்வளவுதான். இத்தனை நாள் எங்கள் வீட்டில் நடந்த பஞ்சாயத்து, பரிகாரம், அன்னதானம் எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சவ்வு. நாங்கள் எல்லாரும் அவள் பேரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வாயைத் திறந்து யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் என்னைத் திட்டினார். உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, இவ்வளவு நாள் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள், நாளைக்குக் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்கவில்லை. அவர் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ ராத்திரி முடித்துப் பார்த்திருக்கிறேன்.

அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். சின்னக் கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். என் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் துளித்துளியாகப் புகட்டச் சொன்னார்கள். உடம்பு தேறிய பிறகு அந்தச் சவ்வை நறுக்கிவிட்டார்கள். கண்மூடித் திறக்கிற நேரம்தான். உடனே குழந்தையை என்னிடம் கொடுத்து, “குடிக்கட்டே” என்றார் டாக்டர். வாயை வைத்தாள். பிடித்தாள். விடவில்லை. கடக் கடக் என்று விழுங்குகிற சத்தம் கேட்டது. பிறந்ததிலிருந்து நான் கேட்காத சத்தம் அது. அங்கே மட்டும்தான் நான் அழுதேன்.

இதற்கெல்லாம் முன்னால், சேர்த்த அன்றைக்கே, நான் போன் அடித்ததைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டு விஷயம் தெரிந்துகொண்டு என் கணவர் ஓடி வந்தார். பின்னாலேயே மாமியார் கோயில் பிரசாதத்தோடு வந்தார். சின்ன மாமனாரும் வந்தார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் என் கணவரிடம் சொன்னேன்:

“உங்க சித்தப்பாவுக்கு எல்லா ராகமும் தெரியும். எம் பிள்ளை நாக்குக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியுமான்னு கேளுங்க.”

மாமியார் பிரசாதத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சொன்னதை என் கணவர் விளக்கினார். சின்ன மாமனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

“பாத்தியா? நாலு நாளா அந்தப் பேரை யாரும் கூப்பிடல. அதான் ஒரு வழி தெறந்திருக்கு.”

இவரை என்ன செய்வது, சொல்லுங்கள். குழந்தை குடிக்கவில்லை என்றால் பேரால். குடிக்க வழி தெரிந்தால் பேரைக் கூப்பிடாததால். எந்தப் பக்கம் போட்டாலும் பூ விழுகிற காசை வைத்துக்கொண்டு விளையாடுகிற மனிதரிடம் யார் ஜெயிக்க முடியும்? அங்கே நோயாளிகள் இருந்ததால் நான் சத்தம் போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

இருபத்தெட்டாம் நாள் வந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கீழே கடையை அடைத்துவிட்டு அங்கேயே சமையல். குளிப்பாட்டிக் கறுப்புக் கயிறு கட்டியாயிற்று. சின்ன மாமனார் பட்டுக்கரை வேட்டியோடு மணையில் உட்கார்ந்தார். குழந்தையை அவர் மடியில் வைத்தார்கள். ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறுகாதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். வெற்றிலையைக் கையில் எடுத்தவர், நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

“நான் அன்னபூரணின்னுதான் சொல்லுவேன். மத்தது எம் வாயால வராது. இப்பவே சொல்லிட்டேன்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் இந்தத் தடவை தலையாட்டவில்லை. “டாக்டர்தான் சொல்லிட்டாங்களே சித்தப்பா” என்று முனகினார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரியம். அப்போது குழந்தை வீறிட்டு அழுதாள். பசி. இப்போது அவளுக்கு நன்றாக அழத் தெரிந்திருந்தது.

நான் போய் அவர் மடியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டேன். அறைக்குள் போகவில்லை. அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து, சேலையை இழுத்து மூடிக்கொண்டு, பால் கொடுக்க ஆரம்பித்தேன்.

“முகூர்த்தம் கழியுதும்மா,” என்றார் சின்ன மாமனார்.

நான் பதில் சொல்வதற்குள் மாமியார் குரல் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சின்ன மாமனாருக்கு எதிர்வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லையாம்.

“கழியட்டும். பிள்ளை குடிச்சு முடிக்கட்டும்.”

அவள் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. சேலைக்குள் குனிந்து பார்த்தேன். ஒரு காது என் நெஞ்சில் அழுந்தி மூடியிருந்தது. மறுகாது மேலே திறந்திருந்தது. இதற்கு வெற்றிலை எதற்கு? முகூர்த்தம் எதற்கு? இன்னொருவர் வாய் எதற்கு? குனிந்து அந்தக் காதில் சொன்னேன். ஆஹிரி. ஆஹிரி. ஆஹிரி. அவள் குடிப்பதை நிறுத்தவில்லை. பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, “பேரு சொல்லியாச்சு. ஆஹிரி” என்றேன்.

சின்ன மாமனார் வெற்றிலையைத் தட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார். கீழே இலை போட்டு, பாயசம்வரை எல்லாம் தயாராக இருந்தது. என் கணவர் பின்னாலேயே போய்க் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பார்க்கிறவர்களிடமெல்லாம், அந்தப் பேரைச் சொன்ன அன்றைக்குத் தனக்குச் சோறு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கிடைக்காமல் என்ன? அவர்தான் சாப்பிடவில்லை.

ஆஹிரிக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. அங்கன்வாடியில் மலையாளம், வீட்டில் தமிழ், சண்டை போடும்போது இரண்டும். என் கணவர் இப்போதும் சந்தில் நின்று அவள் பேரைச் சத்தம்போட்டுக் கூப்பிடுகிறார். கூப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நீலச் சட்டைக்காரரை அதற்குப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். குழந்தையைக் கண்டால் மூட்டையோடு நின்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவார்.

வயதானவர், பெரியவர், ஏதோ தெரியாமல் செய்துவிட்டார், மன்னித்துவிடு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சில சமயம் எனக்கும் மனசு இளகப் பார்க்கும். அப்போதெல்லாம் அந்தக் காலையில் கனமே இல்லாமல் என் கையில் கிடந்தவளை நினைத்துக்கொள்வேன். பசித்து அழும் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்காமல் அதன் பேரில் குற்றம் தேடுகிற யாரையும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நான் பெரியவர் என்று மதிப்பதில்லை.